துளசி பாயின் கோதடி

யாராவது ஒரு துணியைக் கொண்டுவந்து "இதைச் சுவத்துல மாட்டித் தரணும்" என்று கேட்டால், அளவு எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். இதை இப்போது யார் உபயோகப்படுத்துகிறார்கள்? படமோ போட்டோவோ என்றால் இந்தக் கேள்வி வேண்டியதில்லை. துணி அப்படியில்லை. யார் உடம்பின் மேலாவது கிடந்துவிட்டுத்தான் அது நம் கடைக்கு வருகிறது.

பிரேம் போடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, சட்டம் அறுப்பதையும் கண்ணாடி வெட்டுவதையும் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கை பழகினால் தானே வந்துவிடும். வாடிக்கைக்காரர் எதிரே நின்று அவசரப்படுத்துவார். முடிவை நீங்கள்தான் எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு என்னிடமும் விதிமுறை எதுவும் கிடையாது. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சந்தோஷமான விஷயம் இல்லை.

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஐம்பதுகளின் கடைசி, எனக்கு முப்பது வயது இருக்கும். கடைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று சாமி படம், இன்னொன்று இறந்துபோனவர்களின் போட்டோ. காரியத்துக்குள் வேண்டும் என்று கண் சிவந்து வந்து நிற்பார்கள். அதனால் யாரிடமும் குரலை உயர்த்தாமல் பேசிப் பழகியிருந்தேன்.

ஒரு புரட்டாசி மாசம், காலை வேளை. ஜட்காவிலிருந்து ஒருவர் இறங்கினார். கோட்டும் பஞ்சகச்சமும் அணிந்திருந்தார். கையில் வெள்ளை வேஷ்டியில் முடிந்த ஒரு பெரிய மூட்டை. சீனிவாச ராவ் என்று பெயர் சொன்னார். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வீடு, தாலுகா ஆபீசில் உத்தியோகம், ஐம்பதைத் தாண்டிய வயது. தஞ்சாவூரை மராட்டியர்கள் ஆண்ட காலத்தில் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் மராட்டி பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் நம்மைப் போலத் தமிழ்தான்.

மூட்டையை என் மேஜை மேல் அவிழ்த்தார். உள்ளே ஒரு போர்வை. பழைய பட்டுப் புடவைகளின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் நைந்த நூல் புடவைகளை அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஊசி ஓட்டித் தைத்தது. கடுகு மஞ்சள், பாசிப் பச்சை, மயில் கழுத்து நிறம். நடுவில் ஜரிகைக் கரையோடு ஒரு அரக்கு நிறத் துண்டு. நூல் ஓட்டம் அரிசி அகலத்துக்கு மேல் எங்கும் போகவில்லை.

"இதுக்குப் பேரு கோதடி" என்றார். "எங்க அம்மாவும் அம்மாவோட மாமியாரும் சேந்து தைச்சது. எங்க கூடத்துல மாட்டணும். பலகையில இழுத்து ஒட்டி, மேல கண்ணாடி போட்டு, ஒரு சுருக்கம்கூடத் தெரியாம வேணும். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன். உள்ள நுழையறவங்க கண்ணுல முதல்ல இதுதான் படணும். நிலம் நீச்சுன்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல தம்பி. சொல்லிக்கறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

எனக்கு அந்த 'ஒட்டி' என்ற வார்த்தை பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த கடையின் முதலாளி, பேர் சொல்ல வேண்டாம், கைத்திறமையில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு நாதஸ்வரக்காரருக்கு எங்கோ சபையில் போர்த்திய சால்வையை, அவர் மகன் கேட்டான் என்பதற்காக மைதாப் பசை தடவிப் பலகையில் ஒட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்குள் அது ராஜ சபையில் வைக்கிற மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் அந்த மகன் பிரேமோடு திரும்பி வந்தான். பசைக்கு வந்த ராமபாணப் பூச்சி சால்வையையும் சேர்த்துத் தின்றிருந்தது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று முதலாளி பலகையிலிருந்து உரித்தார். துணி நாராக வந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாரைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு முதலாளி சாப்பிடவில்லை. அதற்கப்புறம் துணி வேலையே அவர் எடுக்கவில்லை.

"ஒட்டினா அப்புறம் எடுக்க முடியாது சார்" என்றேன்.

"எடுக்கறதுக்கா மாட்டறேன்?" என்றார் ராவ்.

சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி, மொட்டைக் கோபுரத்து வழியாக அந்த வீட்டுக்குப் போனேன். நீளமான, இருட்டான பழைய வீடு. ராவுக்கு மனைவி இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் தவறிவிட்டார். ராவின் தங்கை துளசி பாய்தான் அந்தப் பெண்ணை வளர்த்தவர். சின்ன வயதிலேயே தாலி அறுத்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நாற்பது வயது இருக்கலாம். கரையில்லாத வெளுத்த புடவையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தார். பெண்ணின் பேர் சுலோசனா. படிப்பு முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள்.

ராவ் வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரைக் காட்டினார். நான் கையை வைத்துப் பார்ப்பதற்குள், சமையலறை நிலைப்படியில் நின்ற துளசி பாய் சொன்னார்.

"அந்தச் சுவர் வேண்டாம். ஐப்பசியில ஓதம் ஏறும். மேல முத்தத்து வெயில் வேற நேரா விழும். பக்கத்துச் சுவர் எப்பவும் காஞ்சு இருக்கும், பின்னால அடுப்படி."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிக்கொண்டார். இருமலா, கூச்சமா என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் சொன்னது சரி என்று சுவரைத் தொட்டதும் தெரிந்தது. ராவிடம் நேராகவே பேசினேன். கண்ணாடி போட்டால் மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும். பசை போட்டால் பூச்சி வரும். பின்பக்கம் காடாத்துணியில் ஒரு பட்டை தைத்து, அதற்குள் ஒரு தேக்குச் சட்டத்தை நுழைத்து, இரண்டு கொக்கியில் தொங்க விடுகிறேன். வெயில் படக்கூடாது, அவ்வளவுதான். பட்டுக்கு வெயிலைப் போல எமன் கிடையாது.

"அப்போ சாதாரணத் துணி மாதிரி தொங்குமா?" என்றார் அவர், முகம் சுண்டிப்போய்.

"துணிதானே சார்."

"வேற கடையில பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டார். அந்த மாதம் எனக்கு வேலை குறைவு. 'சரி, உங்கள் இஷ்டப்படியே ஒட்டித் தருகிறேன்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சால்வை நார் கண்ணில் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். சுலோசனாதான், "அப்பா, அவர் சொல்ற மாதிரியே இருக்கட்டுமே. பாட்டி தைச்சதை ஒட்டிப் பாழாக்கணுமா?" என்றாள். ராவ் மறுபடி உட்கார்ந்தார்.

கிளம்பும்போது நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "இதை இப்ப யாரு சார் உபயோகப்படுத்தறாங்க?"

"இவதான் போர்த்திப்பா" என்று தங்கையைக் காட்டினார், சாதாரணமாக.

"உங்களுக்கு வேற போர்வை இருக்காம்மா?"

"கம்பளி இருக்கு" என்றார் துளசி பாய். "நீங்க மாட்டுங்க. குழந்தைக்கு நல்லது நடக்கட்டும்."

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது சுலோசனா பின்னால் வந்தாள். "அந்த அரக்குத் துண்டு அத்தையோட கல்யாணப் புடவைண்ணா. மாமா செத்துப் போனதும் புடவையை யாருக்காவது குடுத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்களாம். பாட்டிக்கு மனசு வரல. வெட்டி இதுக்குள்ள வெச்சுத் தைச்சுட்டாங்க. அத்தைக்கு வாயைத் திறந்து எதுவும் கேட்டுப் பழக்கம் இல்ல. அதான் உங்ககிட்ட சொல்லி வெச்சேன்."

அந்த வீட்டில் வெள்ளை தவிர வேறு நிறத்தை அந்த அம்மாள் தொட்டது அந்தப் போர்வையில்தான் என்பது எனக்குப் புரிந்தது. அதைச் சுவரில் ஏற்ற வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த அம்மாளே கொடுக்கிறேன் என்கிறார். ஆனால் ஒன்று செய்தேன். சட்டத்தைக் கொக்கியில் ஆணியால் இறுக்காமல், இரண்டு கையால் தூக்கினாலே வந்துவிடுகிற மாதிரி வைத்தேன். பட்டையையும் அடித்துணியில் மட்டும் பிடித்துத் தைத்தேன். மேலே இருக்கிற பட்டில் என் ஊசி படவில்லை.

துளசி பாய் சொன்ன பக்கத்துச் சுவரிலேயே மாட்டி முடித்தபின் ராவ் கூடத்தின் நடுவில் ரொம்ப நேரம் நின்றார். "எங்க அம்மா வந்து நிக்கற மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு அவருக்கு என் மேல் வருத்தம் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு மாசி மாசம் ராவ் மறுபடி கடைக்கு வந்தார். கோட் இல்லை, சவரம் செய்யாத முகம். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அதைக் கழட்டித் தரணும்."

"என்ன ஆச்சு சார்? பூச்சி கீச்சி?"

"துளசிக்கு உடம்பு சரியில்ல. டி.பி.ன்னு டாக்டர் சொல்றார். எப்பவோ ஆரம்பிச்சிருக்கு. இருமல் கேக்கக் கூடாதுன்னு கொல்லையில போய், கிணத்தடியில நின்னு இருமியிருக்கா. வீட்டுல சயரோகம்னு தெரிஞ்சா குழந்தைக்கு வரன் அமையாதுன்னு மறைச்சிருக்கா. முன்னாலயே வந்திருந்தா ஊசி போட்டுச் சரி பண்ணியிருக்கலாமாம். இப்ப ரெண்டு பக்கமும் போயிடுச்சாம். சாயந்திரம் ஆனா குளிர் காய்ச்சல் தூக்கிப் போடுது. மூணு கம்பளி போட்டாலும் நடுங்கறா. நேத்துதான் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா. என் ஞாபகத்துல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். கோதடியைக் குடு அண்ணான்னா."

"நான் வரணும்னே இல்ல சார். ரெண்டு கையால தூக்கினா வந்துடும். அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

"தெரியும்" என்றார். "காலையிலேர்ந்து முன்னாடி போய் நின்னு பாத்துட்டேன். கை போகல. நீங்க வாங்க."

கடையைச் சாத்திவிட்டு அவரோடேயே பஸ் ஏறினேன். காவேரியில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது.

துளசி பாய் பின்கட்டு அறையில் படுத்திருந்தார். சுலோசனா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்தில் சட்டத்தைத் தூக்கினேன். ஒரு தும்பு பிரியாமல் வந்தது. பட்டையிலிருந்து சட்டத்தை உருவிவிட்டு, துணியை உதறாமல் மடித்து, அறை வாசலில் சுலோசனாவிடம் நீட்டினேன். அவள் விரித்துப் போர்த்தினாள். அரக்குத் துண்டு நெஞ்சுக்கு நேராக வரும்படி பார்த்துப் போட்டாள்.

துளசி பாயின் கை போர்வையின் மேல் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், நான் தைத்திருந்த காடாப் பட்டையில் நின்றது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இது உங்க தையலா?"

"ஆமாம்மா. உறுத்தினா பிரிச்சிடறேன்."

"வேண்டாம். அம்மா தையல் மேல குத்தலையே?"

"இல்லம்மா. அடித்துணியில மட்டும்தான்."

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். பணக்கார வீடுகளில் காபி கொடுத்து உட்கார வைத்துப் பாராட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் நினைவில் நிற்பது இந்த ஒன்றுதான். ஒட்டியிருந்தால் அன்றைக்கு நான் என்னத்தைக் கொடுத்திருப்பேன்?

பங்குனியில் அந்த அம்மாள் போய்விட்டார். எனக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, கடையைத் திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தேன். சுலோசனா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணா, உடனே வாங்க. கோதடியை எரிக்கப் போறாங்க. பெரியப்பா கொல்லையில எல்லாத்தையும் போட்டுட்டார். அப்பா வாயே திறக்கல. நீங்க சொன்னா அப்பா கேப்பார்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கொல்லையில், தென்னை மரத்தடியில், பாய், தலையணை, கம்பளிகள், கிழிந்த புடவைகள் எல்லாம் குவிந்து கிடந்தன. மேலே கோதடி. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். ராவின் பெரியப்பா மகன், கும்பகோணத்திலிருந்து காரியத்துக்கு வந்தவர், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ராவ் கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் பெரியவர்.

"பிரேம் கடை வெச்சிருக்கேன். இதை மாட்டிக் குடுத்தவன்."

"அவ வியாதி முழுக்க இதுலதான் இருக்கு. அவளோடயே போயிருக்கணும். இவன் தடுத்து வெச்சான். வீட்டுல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்குது. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? டாக்டரே படுக்கையை எரிக்கச் சொல்லிட்டார்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் பயந்திருப்பீர்கள். ராவ் என்னைப் பார்த்தார். "வெந்நீர்ல போட்டா போயிடாதா தம்பி?" என்று கேட்டார். வெந்நீரில் போட்டால் அந்தப் பட்டு நிறம் நிறமாகக் கரைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், அடியில் இருக்கிற நைந்த நூல் புடவை கஞ்சியாகிவிடும். அது எனக்குத் தெரியும். வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லி, நாளைக்கு அந்தப் பெண் இருமினால்?

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் நம் வாயையே பார்ப்பார்கள். தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள்.

"எனக்குத் துணி தெரியும், வியாதி தெரியாது" என்றேன். "டாக்டர்கிட்ட நானே போய்க் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் மத்ததை எரிங்க. இதை மட்டும் தள்ளி வைங்க. அவர் எரிக்கத்தான் வேணும்னு சொன்னா, நானே என் கையால போட்டுடறேன்."

பெரியவர் யோசித்தார். பிறகு ஒரு குச்சியால் கோதடியைக் குவியலிலிருந்து தள்ளினார். துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது.

டாக்டரின் டிஸ்பென்சரி அடுத்த வீதியில். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"பொதுவா எரிக்கச் சொல்றதுதான் வழக்கம். ஏழை வீட்டுல அந்தப் பாயையே இன்னொருத்தர் எடுத்துப் போட்டுப் படுத்துடுவாங்க, அதுக்காக. அவ்வளவு வேண்டிய பொருளா அது?"

"வேண்டியதுதான் சார்."

"அப்படின்னா நல்ல வெயில்ல போடுங்க. இப்ப அடிக்கற மாதிரி வெயில்ல அந்தக் கிருமி தாங்காது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, சித்திரை முழுக்கக் காயட்டும். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போடணும். நிழல்ல வெக்காதீங்க, பெட்டியில மூடி வெக்காதீங்க."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் என்ன என்பது போலப் பார்த்தார். வெயில்தான் எமன் என்று அந்த வீட்டில் சொன்னவன் நான். அந்தப் போர்வையை வெயிலிலிருந்து காப்பாற்றத்தான் அந்தச் சுவரில் மாட்டினேன். சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடந்தால் அதில் நிறம் என்று எதுவும் இருக்காது. நெருப்பில் போனால் எதுவுமே இருக்காது.

திரும்பிப் போய் இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். "எரிக்க வேண்டியதில்லை. ஆனா நிறம் போயிடும். அந்த அரக்கு முதல்ல போகும். பட்டு நொறுங்கினாலும் நொறுங்கலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

சுலோசனா போய் கல் மேல் கிடந்ததை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படி ஏறினாள். பெரியவர், "கையில எடுக்காதே, கையில எடுக்காதே!" என்று கத்தினார். அவள் நிற்கவில்லை.

சித்திரை முழுக்கக் காய்ந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாடி ஏறிப் பார்ப்பேன். மயில் கழுத்து சாம்பலாயிற்று. பாசிப் பச்சை காய்ந்த புல்லாயிற்று. அரக்கு முதலில் செங்கல் நிறத்துக்கு வந்து, பிறகு கையில் மருதாணி அழியும்போது கடைசியாக ஒரு நிறம் நிற்குமே, அப்படி நின்றது. நல்ல வேளை, பட்டு நொறுங்கவில்லை. நானே செய்யச் சொன்ன வேலை, நானே நின்று பார்த்தேன். சைக்கிளில் திரும்பும்போது யாரையோ மெதுவாகக் கொன்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

வைகாசியில் அதே சுவரில் மறுபடி மாட்டினேன். ராவுக்கு அதில் மனம் இல்லை. பெட்டியில் வைத்துவிடலாம் என்றார். சுலோசனா கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை ராவே என்னிடம் சொன்னார். தஞ்சாவூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்ததாம். பையனுக்கு ரயில்வேயில் வேலை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காபி குடித்துக்கொண்டே பையனின் அம்மா சுவரைப் பார்த்து, "இது என்ன, இவ்வளவு வெளுத்துப் போன துணியை மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். ராவ் ஏதோ சொல்லி மழுப்பப் போனார். சுலோசனா, "எங்க அத்தையோடது. என்னை வளத்தவங்க" என்றாள். அத்தைக்கு என்ன ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்டார். "டி.பி." என்றாள் சுலோசனா.

கும்பகோணத்திலிருந்து வந்த அடுத்த இடமும் அப்படியே கைவிட்டுப் போயிற்று.

ஒரு நாள் ராவ் எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"கழட்டுங்க தம்பி. போதும்" என்றார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போனேன். சுலோசனா வந்து குறுக்கே நின்றாள். அழவில்லை, கத்தவுமில்லை.

"அத்தை எனக்காக மறைச்சு மறைச்சேதான் செத்துப் போனாங்க. கிணத்தடியில நின்னு இருமினாங்க. இப்ப அவங்க இருந்ததையே நான் மறைக்கணுமாப்பா? அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்."

ராவ் என்னைப் பார்த்தார். கழட்டச் சொன்னது வீட்டுக்குப் பெரியவர். பொருள் அவர் அம்மாவுடையது. வேலைக்கு அழைத்தவரும் அவர்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கொக்கியை நோக்கி என் கை போகவில்லை. "சார், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் கழட்டறதா இருந்தா ரெண்டு பேரும் சொல்லணும்" என்றேன்.

அவர் கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம். "நான் போனப்புறம் உனக்கு யாரும்மா இருக்கா?"

சுலோசனா அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறுபதுகளின் நடுவில் ராவ் காலமானார். அவர் போட்டோவுக்கு நான்தான் பிரேம் போட்டேன். சுலோசனா பொன்மலைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கல்யாணம் நடக்கவில்லை. அந்த நீளமான வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

ஒரு மார்கழி மாசம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சைக்கிளை நிறுத்த இடம் கிடைக்காமல் அந்த வீட்டுக்குப் போனேன். சுலோசனா கதவைத் திறந்தாள். கூடத்தில் சுவர் காலி. இரண்டு கொக்கி மட்டும் இருந்தது. விற்றுவிட்டாளோ, பூச்சி அரித்துவிட்டதோ?

"எங்கேம்மா அது?"

அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

"பனிக்காலத்துல கழட்டிப் போர்த்திக்கறேன்ணா. மாசி பொறந்ததும் மறுபடி மாட்டிடுவேன்" என்றாள்.